மூன்றாவது குரல்

பேஸ் கிடாரின் வயிற்றைத் திறந்து வயர்களை மாற்றிய லாசர், மூன்று குரல்களுக்கு ஒரு சுவிட்ச் வைத்தான்.

சுவிட்சை முதல் பக்கம் தள்ளி மீட்டினான். கிடார் மழைமேகம்போல உறுமியது. நடுவில் தள்ளினான். கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவதுபோல முனகியது.

"ரெண்டும் என் புண்ணியம்," என்றது கிடாரோடு இணைத்திருந்த ஸ்பீக்கர் பெட்டி. "நான் இல்லேன்னா நீ வெறும் கட்டை."

மூன்றாம் பக்கம் தள்ளினான். பெட்டியில் சத்தமே இல்லை. அங்கே ஒரு வயரைப் பற்றவைக்க மறந்திருந்தான்.

கிடாருக்குப் பகீரென்றது. ஆனால் லாசரின் விரல்கள் நிற்கவில்லை. தந்தி அதிர்ந்தது, மரம் அதிர்ந்தது, மரத்தை அணைத்திருந்த அவன் நெஞ்சும் மெல்ல அதிர்ந்தது. அவன் கண்களை மூடிக்கொண்டான். கிடாரும் தன்னை மறந்தது.

"என்ன பேசிக்கிறீங்க ரெண்டு பேரும்?" என்றது பெட்டி. "எனக்கு மட்டும் கேக்கலையே!"