பின்னால் ஒரு சத்தம்

"ஃபிரேம் ஒண்ணுதாங்க, கியர் செட்டு மட்டும் வேற வேற கம்பெனி" என்று கடைக்காரர் தொங்கவிட்டிருந்த இரண்டு சைக்கிள்களின் பெடலையும் சுற்றி, கியரை மாற்றிக் காட்டினார். ஒன்றில் கியர் மாறியதே தெரியவில்லை. மற்றதில் ஒவ்வொரு முறையும் டக்கென்று கேட்டது. புகழேந்திக்குச் சத்தமில்லாததுதான் பிடித்தது. அவன் மனைவி சுகந்தி கண்களை மூடி இரண்டையும் கேட்டாள்.

"இவருக்கு டக்குன்னு கேக்குறதையே குடுத்துருங்க."

"ஏன் சுகந்தி?"

அவள் அந்த சைக்கிளின் பெடலை இன்னொரு முறை சுற்றினாள். போன மாதம் மலைப்பாதையில் பின்னால் வந்த அவன் விழுந்தது தெரியாமல் மூன்று வளைவு தாண்டிப் போயிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அதே பாதையில் அவள்தான் முன்னால் போனாள். ஏற்றம் முழுக்கப் பின்னால் டக்கென்று கேட்டுக்கொண்டே வந்தது. அவன் விழுந்த இடம் சமதரை. அங்கே யாரும் கியர் மாற்றமாட்டார்கள்.

டக், டக்.