தண்ணி உப்பு

முதல் மடக்கிலேயே சசிரேகாவுக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர் கற்கண்டு மாதிரி இருந்தது.

"இன்னாம்மா, கஷாயம் குடிக்கிற மாதிரி குடிக்கிறே?" என்றாள் வீட்டுக்காரி பாஞ்சாலி.

"உப்புன்னு சொன்னாங்க."

"எவன் சொன்னான்? இந்தக் கேணித் தண்ணியில துவரம்பருப்பு ரெண்டே கொதியில கொழைஞ்சிடும். தெருவே இங்கதான் வந்து மொள்ளுது."

சொன்னது சசிரேகாவின் கணவன்.

ஸ்ரீபெரும்புதூர் பேங்க்குக்கு அவருக்கு மாற்றலாகி எட்டு மாதம். பெரம்பூரிலிருந்து மூன்று பஸ் மாறி வருகிறார். மகள் எழுந்திருக்கும் முன் கிளம்பி, அவள் தூங்கிய பிறகு திரும்புகிறார்.

"அப்பா நம்ம வீட்டுல இல்லியா?" என்று ஐந்து வயதுக் குழந்தை ஒருநாள் கேட்டுவிட்டது.

அன்றைக்கு சசிரேகா பிடித்த பிடிதான். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஸ்ரீபெரும்புதூருக்கே குடிவந்துவிட வேண்டும்.

போன மாதம் அவர் இந்த வீட்டைப் பார்க்க வந்தார். திரும்பிப் போய், "தண்ணி உப்பு. அந்த ஊர் நமக்கு ஒத்துவராது" என்றார்.

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை அவளே வந்துவிட்டாள். தொண்ணூற்றொன்று, ஏப்ரல் கடைசி.

வீடு பிடித்திருந்தது. இரண்டு அறை, தனிச் சமையல்கட்டு, பின்னால் முருங்கை. பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். பேங்க்குக்கு நடந்தே போகலாம்.

"ஊர் எப்படிங்க? சண்டை சச்சரவு?"

"தேர்தலுக்குச் சுவத்துல சின்னம் வரையறானுங்க பாரு, அதான் எங்களுக்குத் திருவிழா. சத்தமில்லாத ஊரும்மா. இங்க ஒண்ணுமே நடக்காது."

பாஞ்சாலி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"நீ கேட்டாச்சில்ல, இப்ப நான் கேக்கறேன். உனக்கு எந்த ஊரு?"

"குன்றத்தூர்."

"குன்றத்தூர்ல எங்க?"

"தேரடிப் பக்கம்."

"தேரடியா? அங்க தாண்டவராயன் மில்லு கீதே?"

"எங்க பெரியப்பா."

பாஞ்சாலியின் முகம் மலர்ந்துவிட்டது. "அடிப்பாவி, நம்ம வூட்டுப் பொண்ணா நீ? இத மொதல்லயே சொல்றதுக்கின்னா? எங்க மாமனாரு அந்த மில்லுலதான் நெல்லு அரைப்பாரு."

பெரியப்பாவைப் பார்த்து ஏழு வருஷமாகிறது என்பதை சசிரேகா சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்ல.

"எதுக்குக் கேக்கறேன்னா," பாஞ்சாலி நெருங்கி உட்கார்ந்தாள், "போன மாசம் ஒரு ஆளு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில தோல்பை. பேரு எழிலரசனாம். பேருக்கு ஒண்ணும் கொறைச்சலில்ல. மதுராந்தகம் பக்கம்னான். ஊருக்குள்ளியா வெளியவான்னு கேட்டேன். காலனிதாம்மான்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்றான். அந்தத் தைரியத்தப் பாரேன்."

சசிரேகா சொம்பைக் கீழே வைத்தாள்.

"வூட்டுச் சாவி தொலைஞ்சிப்போச்சிப்பான்னு சொல்லிட்டேன். சாவி என் இடுப்புலதான் கீது." சொல்லிவிட்டுக் குலுங்கிச் சிரித்தாள். "சரிங்கம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்கன்னான். நல்ல வெயிலு."

"குடுத்தீங்களா?"

"கேணி தூர் வாருறோம், கலங்கிக் கீதுன்னேன். பையை எடுத்துக்கினு போயிட்டான்."

முற்றத்தில் காக்கை ஒன்று வந்து உட்கார்ந்து, பறந்து போனது.

சசிரேகாவுக்கு நாக்கில் இன்னும் இனித்தது.

"அதெல்லாம் வுடு. உனக்கில்லாத வூடா? பால் காய்ச்ச நல்ல நாளா பாரு. உன் வூட்டுக்காரரு பேரு இன்னா? தெருவுல கேப்பாங்க, சொல்லணுமில்ல?"

சசிரேகா வாயைத் திறந்தாள்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு பெயர். சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். சாலை பக்கத்தில்தான். மெட்ராஸ் பஸ் கால்மணிக்கு ஒன்று.

திறந்த வாயை மூடி, தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

பாஞ்சாலி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தாடையைத் தொட்டு நெட்டி முறித்தாள்.

"சரி, சொல்லாதே. இந்தக் காலத்துலயும் புருஷன் பேர வாயால சொல்லாத பொண்ணு. வளர்ப்புன்னா இதான் வளர்ப்பு."

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து சசிரேகாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவளே மூடிவிட்டாள்.

காலேஜ் நாளிலிருந்து சசிரேகா அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். அன்று காலையிலும் தெருவுக்கே கேட்கும்படி, "எழில், ஒரு வீடு பாக்கத் துப்பில்ல உனக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தாள்.