முகம் பாக்கிறவங்க

போன் திரை மங்கத் தொடங்கியது.

வெளிச்சத்தைக் கூட்டினான். கூட்டக் கூட்டத் தானாகவே இறங்கியது.

"இன்னும் கொஞ்சம் கீழ பிடி, முனீஸ்."

ஊரில் மச்சினன் பிடித்திருந்த போன் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒருமுறை வானம் தெரிந்தது. ஒருமுறை யார் யாருடைய கால்களோ. கருவேல மரத்தடியில் தோண்டிப் போட்ட மண். வெள்ளைத் துணியின் ஒரு மூலை.

மகளின் முகம் இன்னும் தெரியவில்லை.

போன் உள்ளங்கையைச் சுட்டது.

அவன் மணல்மேட்டின் உச்சியில் நின்றிருந்தான். மஸ்கட்டிலிருந்து வெகுதூரம் உள்ளே, பாலைவனத்தில் குழாய் பதிக்கிற வேலை. சிக்னல் இந்த மேட்டில் மட்டும்தான். கீழே லாரி நிழலுக்குப் போனால் படம் அப்படியே உறைந்துவிடும்.

நிழலும் சிக்னலும் ஒரே இடத்தில் இல்லை.

முதுகை வளைத்துத் தன் நிழலுக்குள் போனைப் பிடித்தான். தலைத்துண்டை அவிழ்த்து மேலே போர்த்தினான். போனின் ரப்பர் உறையைக் கழற்றி மணலில் எறிந்தான்.

மனைவி காளீஸ்வரிக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது கிளம்பி வந்தவன். பிள்ளையை ஒருநாளும் தூக்கியதில்லை. அவள் குப்புற விழுந்தது, தவழ்ந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது எல்லாம் இந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்ததுதான்.

நெஞ்சில் சளி என்றுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

பாஸ்போர்ட் ஹெட் ஆபீஸில் இருக்கிறது, நாளை மறுநாள் பார்க்கலாம் என்றார்கள் இங்கே. அங்கே சித்திரை வெயில். நாளை மறுநாள் வரை பிள்ளையை வைத்திருக்க முடியாது.

"முகம் பாக்கிறவங்க வந்து பாத்துக்கங்கப்பா."

குழி வெட்டியவரின் குரல். துணியை விலக்க ஒரு கை நீண்டது.

திரையில் ஒரு மஞ்சள் முக்கோணம் வந்தது. போன் அதிகமாகச் சூடாகிவிட்டது, ஆறும்வரை அணைக்கப்படுகிறது என்றது.

பிறகு கறுப்பு.

பட்டனை அழுத்தினான். விடாமல் அழுத்திப் பிடித்தான். கறுப்புக் கண்ணாடியில் அவனுடைய தாடிதான் தெரிந்தது.

மேட்டிலிருந்து சறுக்கிக்கொண்டு இறங்கினான். ஐஸ் போட்ட தண்ணீர் டிரம்மின் மூடியைத் திறந்து போனை உள்ளே இறக்கப் போனான்.

அய்யனார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கள்ளக்குறிச்சிக்காரர். ஒரே அறையில் தங்கியிருப்பவர்.

"ஐஸ் தண்ணி வேணாம்பா. உள்ள வேர்த்துப் போய் ஒரேயடியா செத்துடும்."

சொல்லிவிட்டு அந்தச் சொல்லுக்காகத் தலையைக் குனிந்துகொண்டார்.

தன்னுடையதை எடுத்து நீட்டினார். பழைய பட்டன் போன். அதில் படம் வராது. அவரே திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"பிக்கப்புல சாவி இருக்கு. ஏசியப் போடறேன், வா."

வண்டிக்குள் உட்கார்ந்து, காற்று வரும் துவாரத்துக்கு நேராகப் போனைப் பிடித்தான். கையின் சூடும் அதில் ஏறிவிடக் கூடாதென்று விரல்நுனிகளால் ஓரங்களை மட்டும் தொட்டிருந்தான்.

காற்று அவன் முகத்திலும் பட்டது. குளுமையாக இருந்தது.

முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இந்நேரம் பால் ஊற்றியிருப்பார்கள்.

இந்நேரம் உள்ளே இறக்கியிருப்பார்கள்.

தகப்பன் போட வேண்டிய முதல் பிடி மண். அதை யார் போட்டார்களோ.

அழுத்திப் பார்த்தான். வெளிச்சம் வந்தது. மறுபடி முக்கோணம். மறுபடி கறுப்பு.

"ஆறட்டும்பா. அவசரப்பட்டா நின்னு நின்னு போவும்."

அவன் உதட்டைக் குவித்துப் போனின் முதுகில் ஊதிக்கொண்டே இருந்தான். ஏசி ஓடிக்கொண்டிருந்ததை மறந்தவன்போல.

அய்யனார் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் உயிர் பெற்றபோது அது நன்றாகவே ஆறியிருந்தது.

துண்டுக்குள் சுற்றிக்கொண்டு மேட்டில் ஏறினான். கால் புதைந்து புதைந்து வந்தது. உச்சிக்கு வந்து, முனீஸின் பெயரைத் தேடும்போதே மணி அடித்தது.

காளீஸ்வரி. படமில்லை. குரல் மட்டும்.

"ஏங்க."

"ம்."

"எல்லாம் முடிஞ்சு, ஆம்பளைங்க ஊருணியில குளிக்கப் போயிருக்காகளாம். இன்னும் யாரும் வீட்டுக்கு வரல. என்னைய தெருமுனையோட நிப்பாட்டிட்டாக. பொம்பளை வரக் கூடாதாம்."

அவன் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க பாத்தீகல்ல?"

மேட்டுக்குக் கீழே அய்யனார் வண்டியின் கதவைத் திறந்தபடியே நின்றிருந்தார்.

"நீங்களாவது பாத்தீகல்ல?"

"பாத்தேன்."

"குழிக்குள்ள எறும்பு கிடந்துச்சா?"

"இல்ல. ஒண்ணுகூட இல்ல."

அவளுக்குப் பின்னால் யாரோ பெண்கள் அழுவது கேட்டது.

"மண்ண எப்படிப் போட்டாக?"

அவன் கண்களை மூடிக்கொண்டான்.

"மம்பட்டியால தள்ளல, காளி. முனீஸ் கையாலதான் அள்ளி அள்ளிப் போட்டான். மெதுவா."