மேஸ்திரியின் வாஸ்து நோட்டு

மேஸ்திரி செத்துப் பதினாறு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் வாஸ்து கேட்க ஆள் வந்துவிட்டது.

வந்தவர் சேஷகிரி. அரசாங்க உத்தியோகம். துக்கம் விசாரிக்கிற முறைக்குக் கொஞ்ச நேரம் மேஸ்திரி கணேசமூர்த்தியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனேக்கல் ஊரில் பாதி வீடு அவர் கை பட்டது என்றார். எங்கே வேலை நடந்தாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு டிவிஎஸ் ஃபிஃப்டியில் பெண்டாட்டியிடம் ஓடி வந்துவிடுவாரே என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

அவர் வீட்டு முன்பக்கத்து மூலை அறையை இன்டர்நெட் சென்டர் வைக்க வாடகைக்குக் கேட்கிறார்களாம். அந்த அறையில் அவருடைய அக்கா மரகதம் இருக்கிறாள். இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிப்போனவள். கல்யாணம் ஆகவில்லை. ஜன்னலோரம் மெஷினைப் போட்டுத் தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிறாள். அவளை மொட்டை மாடி ஷீட் ரூமுக்கு ஏற்றிவிட உத்தேசம். ஏற்றிய பிறகு அவள் எப்படி இறங்குவாள் என்பதை அவர் சொல்லவில்லை.

"அந்த ரூமை மேஸ்திரிதான் பிடிவாதமாக் கட்டினாரு. வீட்டுல மூத்தவங்க தென்மேற்குல, தரையோட இருக்கணும், கூடவே பாத்ரூம் இருக்கணும், இல்லேன்னா என் உத்தியோகத்துக்கே ஆகாதுன்னாரு. கேட்டேன். ரெண்டே வருஷத்துல ப்ரமோஷன். இப்ப மாத்தப் பயமா இருக்கு. சும்மா அவர் நோட்டைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லு ரகு."

மேஸ்திரியின் மகன் ரகுராமுக்கு எரிச்சல் வந்தது. அவன் எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் எழுதுகிறவன். அப்பாவிடம் அவனுக்குப் பிடிக்காத ஒரே விஷயம் இந்த வாஸ்துதான். மட்டக்கோலே இல்லாமல் கண்ணால் சுவரைப் பார்த்துக் கோணல் சொல்லிவிடுகிற மனுஷர், ஒரு நோட்டுக்கு ப்ரௌன் அட்டை போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, கண்ணை மூடி விரலை மடக்கித் திசை சொல்லுவார். வீட்டில் யாரும் அதைத் தொடக் கூடாது.

அப்படிப்பட்டவர் சொந்த வீட்டில் கக்கூஸை ஈசானிய மூலையில் கட்டியிருந்தார். வாஸ்துக்காரன் பார்த்தால் மயக்கம் போட்டு விழுவான். ஊருக்குத்தான் உபதேசமா என்று ரகுராம் ஒருநாள் கேட்டே விட்டான்.

"நம்ம வீட்டுக்கு வாஸ்து தேவைப்படலடா" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிட உட்கார்ந்தார்.

ஆனால் மூன்று மாதம் முன்பு, லிங்கராஜபுரத்தில் ரகுராம் கட்டப்போகும் வீட்டின் பிளானைக் காட்டியபோது வாஸ்து மறுபடி கிளம்பியது. அப்பா அம்மாவுக்கு மாடியில் அறை போட்டிருந்தான். பெரியவர்கள் தென்மேற்கில், கீழேதான் படுக்க வேண்டும் என்றார் அவர். அங்கே கம்ப்யூட்டர் ரூம் வருகிறது, இந்தக் கதையையெல்லாம் ஆனேக்கல்லோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று இவன் சிரித்தான். அவர் பிளானை மடித்துக் கொடுத்துவிட்டார்.

'தாராளமா மாத்துங்க சார், வாஸ்துன்னு ஒண்ணும் கிடையாது' என்று சேஷகிரியிடம் சொல்ல வாயெடுத்தான்.

அதற்குள் உள்ளேயிருந்து அம்மா சாந்தகுமாரி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தாள். கையில் அந்த நோட்டு.

"பார்த்துட்டுச் சொல்லு" என்றாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ரகுராம் அதைத் திறந்தான். கட்டமோ கணக்கோ ஸ்லோகமோ ஒன்றும் இல்லை. யாரிடம் என்ன சொன்னோம் என்பது மறந்துவிடக் கூடாதே என்று, வீட்டுக்கு ஒரு பக்கமாகப் பென்சிலில் எழுதி வைத்திருந்தார்.

'தாசப்பா வீடு. மருமகள் நாள் பூரா அடுப்படியில் வேகிறாள். தென்கிழக்கில் பெரிய ஜன்னல்.'

'பேங்க் மேனேஜர் வீடு. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குக் கக்கூஸ் கிடையாதாம். வடமேற்கில் தனியாக ஒன்று.'

'சேஷகிரி வீடு. அக்காவை மாடிப்படிக்கு அடியில் ஒதுக்கப் பார்க்கிறார். கால் முடியாத பெண். தென்மேற்கு, தரையோடு, பாத்ரூமோடு.'

ரகுராம் அதை இரண்டு தடவை படித்தான். பிறகு நோட்டை மூடினான். கண்ணையும் மூடினான். அப்பாவைப் போலவே விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான்.

"தென்மேற்குல இருக்கறவங்களை அசைக்கவே கூடாது சார். அசைச்சா பென்ஷன் வரைக்கும் உங்களுக்கு இழுபறிதான்."

சேஷகிரியின் முகம் தொங்கிப்போனது. நல்லவேளை கேட்டேன் என்று நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கிளம்பினார்.

அப்பா சாவுக்கு வராத அழுகை ரகுராமுக்கு அப்போதுதான் வந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டு, மறுபடி நோட்டைப் புரட்டினான். இவ்வளவு வீடு கட்டியவர் சொந்த வீட்டைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்க மாட்டாரா என்று தேடினான். இந்த வீடு அதில் இல்லை.

கடைசிப் பக்கத்தில் பென்சில் எழுத்து இன்னும் மங்காமல் இருந்தது.

'ரகுராம் வீடு. சாந்தாவுக்கு முழங்கால் மடங்கவில்லை, மாடி ஏற மாட்டாள். கீழே, தென்மேற்கு. பெற்ற பையனுக்கும் வாஸ்து சொல்ல வேண்டியதாகிவிட்டது.'