அழியாத லீவு

“அழிச்சாச்சுன்னு சொல்லுது. போய்ப் பாத்தா கல்லுக்குண்டு மாதிரி அங்கேயே உக்காந்திருக்கு! என்னம்மா எழுதி வெச்சிருக்க?”

டீம் லீடர் போட்ட சத்தத்தில் கண்ணாடிக்காரப் புரோகிராமர் எழுந்தே நின்றுவிட்டாள்.

விஷயம் இதுதான். செல்போனிலேயே லீவு போட, பார்க்க, மாற்ற, அழிக்க ஒரு வெப் சர்வீஸ். நாளைக்குக் காலையில் வாடிக்கையாளர்கள் பார்க்க வருகிறார்கள். சோதனைக்காகச் சொந்த ஆபீஸின் லீவெல்லாம் கொஞ்ச நாளாக அதில்தான் ஓடுகிறது.

“ரெடிமேடா ஒரு ப்ளக்இன் இருக்கு. எந்த டேபிள்னு பேரைச் சொன்னா போதும், சேக்கறது அழிக்கறது எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும். சுடுதண்ணி ஊத்தினா வேகுற நூடுல்ஸ்! அதுலயுமா கோட்டை விடுவ?”

“பாக்கறேன் சார்.”

“ஒண்ணுமே பண்ணாம ஓகேன்னு பதில் வேற! அது மனுஷன் பண்ற வேலை. மெஷினுக்கு எதுக்கு அதைக் கத்துக்குடுத்த?”

அவர் அழிக்கப் பார்த்தது அவருடைய லீவைத்தான். நாளைக்கு வெளியூரில் மகளுக்கு நீச்சல் போட்டி. போன ரெண்டு போட்டிக்கும் கடைசி நேரத்தில் டிமிக்கி கொடுத்த மகானுபாவர் அவர். இந்த முறை மனைவி பக்கத்தில் நின்று லீவு போட வைத்திருந்தாள்.

ஆனால் தான் இல்லாவிட்டால் ஆபீஸில் ஒரு துரும்பும் அசையாது என்பது அவருடைய நம்பிக்கை. நாளைக்கு வரலாமென்றால் முதலில் லீவு அழிய வேண்டும்; லீவில் இருப்பவர் கார்டை நீட்டினால் வாசல் கதவு திறக்காது. அதுவும் அவரே கேட்டுச் செய்ய வைத்த ஏற்பாடு!

போன் அடித்தது. மகள்.

“அப்பா, இந்தத் தடவையாவது வருவீங்கல்ல?”

“அது... பாக்கலாம்டா கண்ணு.”

“ரெண்டு தடவையும் இதையேதான்பா சொன்னீங்க.” வைத்துவிட்டாள்.

அவருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. தன் மேலேயே வந்த கோபமும் சேர்ந்துகொள்ள, மறுபடி அழித்தார். ஓகே என்றது. லீவு அசையவில்லை. சரி, வேறு யாருடையதாவது அழிகிறதா பார்ப்போம் என்று ஒன்றைத் தட்டினார். பட்டென்று காணாமல் போனது.

“ஐயையோ சார், அது என் கல்யாணம்!” மூலையிலிருந்து டெஸ்டர் அலறினான்.

“லீவுதான்யா போச்சு, கல்யாணம் அங்கேயேதான் இருக்கு. திரும்பப் போட்டுக்க.”

அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. நேரே அவள் மேஜைக்குப் போனார்.

“எல்லாருதும் அழியுது. என்னுது மட்டும் ஏன் அழியல?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வரி சேத்திருக்கேன் சார். உங்க எம்ப்ளாயி நம்பரா இருந்தா ஓகேன்னு சொல்லிட்டுச் சும்மா இருக்கச் சொல்லி. நாளைக்கு கிளையன்ட்டுங்க வர்றதுக்குள்ள எடுத்துடுவேன்.”

“என்ன திமிரு உனக்கு! எங்க வீட்டுல இருந்து போன் பண்ணிச் சொன்னாங்களா?”

“இல்ல சார்.”

“மேனேஜரா?”

“இல்ல சார்.”

“வேற எந்தப் பெரிய மனுஷன் இதைச் சொல்லிக் குடுத்தது?”

“நீங்கதான் சார்.”

“நானா?”

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“போன வருஷம் அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்ப, வேலை கெடக்கேன்னு நான் லீவை கேன்சல் பண்ண வந்தேன். ‘வேலைக்கு ஆயிரம் பேர் வருவாங்க, அப்பனுக்கு நீ ஒருத்திதானே, ஓடு!’ன்னு பையைத் தூக்கி வாசல்ல வெச்சீங்க. அன்னிக்கு நீங்க துரத்தலைன்னா, அப்பா கடைசியாப் பேசினதை நான் கேட்டிருக்கவே மாட்டேன் சார்.”