மானியத் திரைக்கு முன் ஒரு படம்

நாகர்கோவில் மாநகராட்சிப் பள்ளி ஒன்றின் வகுப்பறையில், அரசு மானியத்தில் வந்த தொடுதிரை ஒளிர்கிறது. அதன் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் உரிக்கவில்லை. மானியக் கோப்புக்கு மாணவர்களோடு படம் கேட்டிருக்கிறார்கள். தலைமையாசிரியை செசிலி டீச்சர் செல்பேசியை உயர்த்துகிறார். பன்னிரண்டு பெஞ்சுகளில் வெயில் கிடக்கிறது; ஒன்றில் மட்டும், பள்ளியில் மிஞ்சிய ஒரே பிள்ளையான பிரிஜா இருக்கிறாள். “மக்ளே, இங்க பாத்து ஒண்ணு சிரி.” வாசலில் மாற்றுச் சான்றிதழோடு நிற்கும் அவளுடைய அம்மா, “டீச்சர், புது ஸ்கூலுக்க வேன் வந்து நிக்கு,” என்கிறாள். பிரிஜா சிரித்துவிட்டுப் பையை எடுக்கிறாள். வகுப்பைவிட்டுக் கடைசியாகப் போகிற பிள்ளை மின்விசிறியை நிறுத்த வேண்டும் என்பது செசிலி டீச்சர் வைத்த சட்டம். பிரிஜா அதை மறக்கவில்லை. சுவிட்சைத் தட்டிவிட்டு ஓடுகிறாள். இறக்கைகள் சுற்றிச் சுற்றித் தளர்ந்து நிற்கின்றன. அவற்றின் கீழே டீச்சர் இருக்கிறார்.