எட்டரை மணி விசாரிப்பு

நான்காவது மணியில்தான் அவரால் போனை எடுக்க முடிந்தது. ஏன் இவ்வளவு நேரம், பயந்தே போய்விட்டேன் என்று அந்தப் பெண் பதறினாள். காலை எட்டரை. அவள் விசாரிக்கிற வழக்கமான நேரம்.

அப்பா என்று கூப்பிடுகிறாளே தவிர அவர் பெற்ற பெண் இல்லை. ஒன்பது மாதத்துக்கு முன் ரசிகை என்று சொல்லிக்கொண்டு வாசலில் வந்து நின்றவள். அவரைப் பற்றிப் புத்தகம் எழுதப்போவதாகச் சொல்லி, பழைய ஆல்பத்தை இரவல் வாங்கிப்போய், சொன்ன நாளில் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள். அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் கூப்பிடுகிறாள்.

பெற்ற மகன் ஒருவன் இருக்கிறான், கடல் தாண்டி. அவன் பேசி இரண்டு வருடமாகிறது. ஏதாவது ஆனால் சொல்லுங்கள் என்று பக்கத்து வீட்டில் தன் நம்பரையும் வாசல் சாவி ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனான். அவனைப் பொறுத்தவரை கடமை அத்தோடு முடிந்தது.

நாற்பது வருடம் சினிமாவில் தடுக்கி விழுந்தே ஊரைச் சிரிக்க வைத்தவர் அவர். மாடிப்படி, சாக்கடை, கதாநாயகியின் காலடி என்று விழாத இடம் பாக்கியில்லை. 'தொபுக்கடி' என்றால்தான் யாருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் மருந்துச் சீட்டோடு சரி.

படங்கள் நின்றதும் விசாரிப்பும் நின்றது. ஒரு வருடம் முன்பு குளியலறையில் நிஜமாகவே விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். கைதட்டினவர்களில் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

துணைக்கு டிவி இருந்தது. அதை அவர் அணைப்பதே இல்லை. ஒரு நடிகை முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டதை மூன்று நாளாக அது அலசிக்கொண்டிருந்தது. நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து, வெட்டியது சரியா தப்பா என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். முடி வெட்டியவரையும் பிடித்து வந்து பேட்டி எடுத்தாகிவிட்டது. நாட்டில் அந்த ஒரு தலையைத் தவிர வேறு ஒன்றுமே இல்லையா என்று நேற்றுகூட அவளிடம் சொல்லிச் சிரித்தார். ஜனங்கள் அதைத்தானே பார்க்கிறார்கள் என்றாள் அவள்.

அவள் விசாரிப்பதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. மாத்திரை போட்டாச்சா, மூச்சு வாங்குகிறதா, டாக்டர் என்ன சொன்னார் என்று வரிசையாகக் கேட்பாள். வேறு யாராவது இப்படித் தினமும் கூப்பிடுகிறார்களா என்றும் கேட்பாள். யாரும் இல்லை என்றால் அவள் குரலில் ஒரு நிம்மதி தெரியும்.

"உடம்புக்கு எதுனாலும் முதல்ல எங்கிட்டதாம்ப்பா சொல்லணும். வேற யார்கிட்டயும் இல்ல" என்று சத்தியமே வாங்கியிருந்தாள். அந்த உரிமையில் கிழவருக்குக் கண் கலங்கிவிடும்.

இன்று அவளிடம் சொல்ல விஷயம் இருந்தது. பாறாங்கல்லைத் தூக்கி வைத்ததுபோல் நெஞ்சு கனக்க, நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் கிடந்தார்.

"நெஞ்சை அடைக்குதும்மா. கீழ விழுந்துட்டேன், எழுந்திருக்க முடியல. ஆம்புலன்ஸுக்குச் சொல்லும்மா."

"பேசாம அப்படியே படுங்கப்பா. நான் பாத்துக்கிறேன். லைனை மட்டும் கட் பண்ணிடாதீங்க."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவர் அவரிடம் சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. வயிற்றில் பிறந்தால்தான் பிள்ளையா என்று அந்த வலியிலும் நினைத்துக்கொண்டார். போனில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. யாரோ ஓடினார்கள், யாரோ யாரையோ சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டினார்கள். தனக்காக இத்தனை பேர் ஓடுகிறார்களே என்று அவருக்குக் கூச்சமாகக்கூட இருந்தது.

ஐந்து நிமிடம் போயிருக்கும், பத்தாகவும் இருக்கலாம். தெருவில் சைரன் சத்தம் வரவில்லை. டிவியில் நடிகையின் முடி பாதியில் நின்றது.

திரை முழுக்க அவர் முகம். ஆல்பத்தின் முதல் பக்கத்துப் படம். சினிமா போஸ்டரில்கூட அவரை இவ்வளவு பெரிதாகப் போட்டதில்லை. கீழே சிவப்புப் பட்டையில் 'தொபுக்கடி காலமானார்' என்று ஓடியது. அதற்கும் கீழே, 'முதலில் சொன்னது நாங்கள்' என்று ஓடியது. பின்னால் வயலின் அழுதது.

அவருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. நெஞ்சு வலி அதைப் பாதியில் நிறுத்திவிட்டது. அவள் ஆம்புலன்ஸுக்குச் சொன்னதை எவனோ அரைகுறையாக ஒட்டுக்கேட்டு அவசரப்பட்டிருக்கிறான். பாவம், இதைப் பார்த்தால் அந்தப் பெண் துடித்துப்போய்விடுவாள் என்று கவலைப்பட்டார்.

அப்போது போனில் இன்னொரு அழைப்பு குறுக்கிட்டது. கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மகன். இரண்டு வருடம் கழித்து அவனே கூப்பிடுகிறான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பக்கத்து வீட்டுக்காரர் சாவியோடு ஓடி வந்துவிடுவார். பிழைத்துக்கொள்ளலாம்.

பச்சைப் பொத்தான் வரை விரல் போய்விட்டது. ஆனால் அவளை அப்படியே விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

"பயப்படாதம்மா, நான் இருக்கேன். டிவியில எவனோ தப்பாப் போட்டுட்டான். என் பையன் கூப்பிடுறான், அவன்கிட்ட பேசிட்டு வர்றேன்."

ஒன்பது மாதமாகக் கேட்டுப் பழகிய அதே கனிவோடு அவள் சொன்னாள்:

"எடுக்காதீங்கப்பா, நாங்க செய்தி போட்டாச்சு."